ரேகை பார்த்து வெட்டுங்கள்

பள்ளிபாளையத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேப்பர் மில் ஊர் அல்லவா? செய்தித்தாளை ஒரு வாட்டத்தில் கிழித்தால் நேராகக் கிழியும், மறு வாட்டத்தில் கோணிக்கொண்டு ஓடும். மெஷின் ஓடிய திசையில் நார் படிவதுதான் காரணம். பிளைவுட்டுக்கும் அப்படி ஒரு வாட்டம் உண்டு. நான் மரத்தில் மாடல் விமானம் செய்கிறவன். "குறுக்கும் நெடுக்குமாத்தானே ஒட்டியிருக்கு, எப்படி வெட்டுனா என்னங்கண்ணா?" என்று பழக வரும் பையன்கள் கேட்பார்கள்.

மூன்று தாள் பிளைவுட்டில் மேல்தாளுக்கும் கீழ்த்தாளுக்கும் ரேகை, அதாவது நார் ஓடும் வாட்டம், ஒரே திசை; நடுத்தாளுக்கு மட்டும் குறுக்கே. மூன்றும் சம கனம் என்றால், வளையாமல் நிற்கும் விறைப்பில் நடுத்தாளின் இடத்துக்கு 27-ல் 1 பங்குதான். சந்தேகமிருந்தால் நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்றாக இரண்டு பட்டை வெட்டி, மேசை விளிம்பில் நீட்டி ஒரே எடையைத் தொங்கவிடுங்கள். குறுக்குப் பட்டை தொங்கிவிடும்.

இந்தத் தொங்கல் குறையல்ல, சில இடங்களில் வசதி. இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றி மூடும் தாளில் மேல்ரேகை இறக்கையின் நீளத்தில் ஓடினால், வெந்நீரில் நனைத்ததும் சொன்னபடி வளையும்.

சிக்கல் ஸ்பாரில்தான், அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடிச் சுமை தாங்கும் உத்திரத்தில். மேல் கட்டைக்கும் கீழ்க் கட்டைக்கும் நடுவே நிற்கும் பிளைவுட் வெப்பில், விசை ஒரு மூலைவிட்டத்தில் இழுக்கும், மற்றதில் அமுக்கும். அங்கே ரேகையை 45 டிகிரியில் வைத்தால் நார்கள் அந்த இரண்டு கோட்டிலேயே நிற்கும். எந்தப் பக்கம் சாய்ப்பது? மேல்தாளின் ரேகை உடலருகே மேலிருந்து தொடங்கி, நுனியை நோக்கிக் கீழே இறங்கட்டும். அமுங்கும் கோடு அதுதான். மெல்லிய வெப் உப்புவது தள்ளிப்போகும். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக வரும் என்பதால், வெட்டும் முன்பே பென்சிலில் அம்புக்குறியும் 'இ', 'வ' எழுத்தும் போட்டுவிடுவேன்.

சாய்த்து வெட்டினால் துண்டு வீணாகும். ஆகட்டும். துண்டுகளைச் சேர்க்க, 1 மில்லி கனத்துக்கு 12 மில்லி சரிவு சீவி ஒட்டுங்கள்.

ஆள் ஏறிப் பறந்த மர விமானங்கள் நம் நாட்டிலும் உண்டு; 1961-ல் பறந்த ரோகிணி கிளைடர் ஒன்று. ஆனால் அந்த ஆசையோடு பிளைவுட் கடைக்குப் போகாதீர்கள். அங்கே கிடைக்கும் ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கு, 710 தண்ணீர் படும் இடத்துக்கு. விமான பிளைவுட்டுக்கான தர எண் 709. 'மரைன்' என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாலும், மாடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.