கவிழ்த்த சீட்டு கவிழ்ந்தே இருக்கட்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

வெள்ளிக்கிழமை இரவு போக்கரில் எல்லோரும் ஃபோல்டு செய்து, அதாவது விலகி, பாட் என்கிற பந்தயப் பணம் உன் பக்கம் வந்த பிறகு, நண்பர் ஒருவர் "என்னதான் வச்சிருந்தே, காட்டேன்" என்று கெஞ்சியதாக எழுதியிருந்தாய். காட்டலாமா, வேண்டாமா என்பது உன் கேள்வி. வேண்டாம் என்பதுதான் மாமாவின் பதில். காரணம் புரியாமல் கடைப்பிடித்தால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவாய் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது.

நீ வேலை பார்க்கும் டெக்சாஸ்தான், நீங்கள் ஆடும் ஹோல்டெம் என்ற போக்கர் வகையின் சொந்த ஊர். கார்ப்பஸ் கிறிஸ்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ராப்ஸ்டவுனை, ஹோல்டெம் பிறந்த இடமாக மாநிலச் சட்டமன்றமே 2007-ல் அங்கீகரித்தது. இந்த ஆட்டத்தின் விதியில் குழப்பம் எதுவும் இல்லை. பெட் வைத்தவரைத் தவிர மற்றவர்கள் விலகிவிட்டால், அவர் சீட்டைக் காட்டாமலே பாட்டை எடுத்துக்கொள்ளலாம். கடைசி வரை இருவராவது நின்று ஷோடவுன் வந்தால்தான் காட்டும் கடமை வருகிறது. கடைசிச் சுற்றில் கடைசியாக பெட் அல்லது ரெய்ஸ் செய்தவர் முதலில் திறக்க வேண்டும். அந்தச் சுற்றில் யாருமே பெட் வைக்கவில்லை என்றால் டீலருக்கு இடப்பக்கத்திலிருந்து தொடங்கும்.

அப்படியிருந்தும் நம் பிள்ளைகளுக்கு ஏன் காட்டத் தோன்றுகிறது? ஒரு காரணம் ரம்மி. ஆட்டம் முடிந்ததும் பதின்மூன்று சீட்டையும் விரித்துப் புள்ளி எண்ணிப் பழகிய கை அது. ரம்மியில் விரித்தால்தான் கணக்கு, போக்கரில் அப்படியில்லை. இன்னொரு காரணம் டி.வி. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பி அமெரிக்கா வந்து பொம்மைத் தொழிலில் பெரிய ஆளான ஹென்றி ஓரன்ஸ்டீன், ஆடுபவர்களின் மூடிய சீட்டைப் பார்வையாளருக்குக் காட்டும் கேமராவுக்கு 1995-ல் காப்புரிமை பெற்றார். 2003-ல் லாஸ் வேகஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் இறுதிக்கட்டத்தில், டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் வெறும் இஸ்பேடு ராஜாவையும் ஆட்டின் ஏழையும் கையில் வைத்துக்கொண்டு, ஜோடிகூடச் சேராத நிலையில் தன் சிப் முழுவதையும் வைத்து ஆல்-இன் போனார். ஒன்பதில் ஒரு ஜோடி வைத்திருந்த சாமி ஃபர்ஹா யோசித்து யோசித்துக் கடைசியில் விலகினார். அந்தச் சீட்டு டி.வி. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. முடிவெடுக்க வேண்டிய ஃபர்ஹாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் தொடரையே வென்ற மணிமேக்கருக்கு 25 லட்சம் டாலர் கிடைத்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தாங்கள் செய்த பிளஃபையும் யாராவது பார்க்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்புதான். ஆனால் டி.வி. பார்ப்பவர் மணிமேக்கருக்கு எதிரே பணம் வைத்து உட்காரப்போவதில்லை. உன் நண்பர் அடுத்த வாரமே உட்காருவார்.

அவர் கையில் நீ எதைக் கொடுக்கிறாய் என்று கணக்காகவே பார். பாட்டில் 20 டாலர் இருக்கிறது. கையில் ஒன்றுமே இல்லாமல் ஒருவர் 10 டாலர் பெட் வைக்கிறார். மூன்றில் ஒரு முறை எதிராளி விலகினாலே அவருக்கு நட்டமில்லை. எதிராளியோ 10 டாலர் போட்டுக் கால் செய்தால் பாட் 40 ஆகும். நாலில் ஒரு முறை ஜெயித்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். ஆக, அவர் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த ஆள் நாலில் ஒரு முறையாவது பிளஃப் செய்வானா? அதற்கான விடையைப் பணம் போட்டுத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். சீட்டைத் திருப்பிக் காட்டுபவர் அதைச் சும்மாவே கொடுத்துவிடுகிறார்.

"நல்ல சீட்டு வந்தபோது மட்டும் காட்டினால், நம்பிப் பயப்படுவார்களே" என்று நீ கேட்கலாம். முன்பின் தெரியாதவர்களிடம் அது ஒரு ராத்திரிக்குப் பலிக்கும். வாராவாரம் அதே ஆறேழு பேர் கூடும் மேசையில் பலிக்காது. நல்ல சீட்டு என்றால் காட்டுவான், இல்லாவிட்டால் மூடிவைப்பான் என்று ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு நீ காட்டாமல் இருப்பதே உன்னைக் காட்டிக்கொடுக்கும். எப்போதும் காட்டாதவரிடம்தான் இந்த ஓட்டை கிடையாது.

தெரிந்தே காட்டுவதிலும் ஒரு கலை உண்டு என்பதை மாமா மறுக்கவில்லை. கணித மேதை ஜான் வான் நாய்மன், பொருளியலாளர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து 1944-ல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பிளஃப் பிடிபடுவதும் முழு நட்டமல்ல, பிற்பாடு நிஜமாகவே பலமான சீட்டு வரும்போது எதிராளி நம்பாமல் பணம் போடுவார் என்று அவர் காட்டினார். போக்கர் ஆட்டக்காரர் ஜாக் ஸ்ட்ராஸைப் பற்றி வேகஸில் காலங்காலமாகச் சொல்லப்படும் கதையும் அப்படிப்பட்டதுதான். கையில் ஏழும் இரண்டும், ஹோல்டெமில் அதைவிட மட்டமான கை இல்லை. மேசையில் ஏழு, மூன்று, மூன்று, இரண்டு. எதிராளியிடம் பெரிய ஜோடி. பெரிதாக ஒரு பெட் வைத்துவிட்டு, 25 டாலர் சிப் ஒன்றைக் கொடுத்தால் தன் இரண்டு சீட்டில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாராம் ஸ்ட்ராஸ். எதிராளி எடுத்துப் பார்த்தது இரண்டு. அப்படியானால் மற்றதும் இரண்டுதான், ஃபுல் ஹவுஸ் என்று முடிவுகட்டி விலகிவிட்டார். இதில் கவனிக்க வேண்டியது, ஸ்ட்ராஸ் ஆசைப்பட்டுக் காட்டவில்லை, விலைபேசிக் காட்டினார். ஆட்டம் நடக்கும்போதே சீட்டைத் திறப்பது இன்றைய போட்டிகளில் தண்டனைக்குரியது, அதை முயன்று பார்க்காதே.

இனி, கணக்கைவிட முக்கியமான விஷயம். உன் வீட்டு மேசையில் இருப்பவர்கள் நண்பர்கள். ஒருவர் ஐந்து நிமிடம் யோசித்து, மனசில்லாமல் சீட்டைக் கவிழ்க்கிறார். உடனே எதிரில் இருப்பவர் ஒன்றுமில்லாத சீட்டைத் திருப்பிப் போட்டுச் சிரிக்கிறார். மேசை முழுக்க சிரிப்பு. விலகியவரும் சிரிப்பார், ஆனால் அடுத்த பத்து நிமிடம் பேச்சு குறையும், கால் செய்யக் கூடாத இடத்தில் எல்லாம் வீம்புக்குக் கால் செய்வார், அன்றிரவு கையிலிருப்பதை இழந்துவிட்டு அடுத்த வாரம் "வேலை இருக்கு" என்பார். அந்த நண்பரை இழந்து 20 டாலர் ஜெயிப்பதில் மாமாவுக்குத் துளியும் உடன்பாடில்லை.

ஷோடவுனில் மட்டும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள். உன் முறை வந்ததும் தயங்காமல் இரண்டு சீட்டையும் மேசையில் விரித்து வை. ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தே எதிராளியைக் காக்க வைப்பதைப் போக்கரில் மகா கேவலமாக நினைப்பார்கள். தோற்றுவிட்டோம் என்று நினைத்தாலும் அவசரப்பட்டு வீசாதே. உன்னிடம் இஸ்பேடு ஏஸும் ஆட்டின் நாலும். மேசையில் டைமன் ஏஸ், ஆட்டினில் ஒன்பது, ஜாக்கி, இரண்டு, ராஜா. எதிராளி ஏஸ்-ராஜா என்று இரண்டு ஜோடியைக் காட்டுகிறார். ஒரு ஜோடி ஏஸ்தானே என்று நீ கவிழ்த்து டீலரிடம் தள்ளிவிட்டால் பாட் போச்சு. விரித்து வைத்தால், அந்தச் சின்ன நாலோடு ஐந்து ஆட்டின் சேர்ந்து ஃப்ளஷ் ஆனதை மேசையில் யாராவது ஒருவர் பார்த்துச் சொல்வார். விரித்த சீட்டு என்னவோ அதுதான் கணக்கு. வைத்திருப்பவர் தப்பாகப் படித்தாலும் அது மாறாது.

பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் மெல்லச் சாய்த்துக் காட்டும் பழக்கமும் வேண்டாம். ஒருவருக்குக் காட்டினால் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் உள்ள விதி. ஏழு-இரண்டு வைத்து ஜெயித்தால் ஆளுக்கொரு டாலர் என்று முன்கூட்டியே பேசிவைத்து ஆடினால், அன்று தாராளமாகக் காட்டு. அது எல்லோரும் ஒப்புக்கொண்ட வேடிக்கை.

மற்ற நாளில் அந்த நண்பர் மறுபடி கேட்டால், "விடுப்பா, அடுத்த கை போடு" என்று சிரித்துக்கொண்டே சீட்டைக் கவிழ்த்தபடி டீலரிடம் தள்ளிவிடு. பொய் சொல்லாதே, பெருமையும் பேசாதே. அவர் கோபித்துக்கொண்டால், இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்.

அன்புடன்,
மாமா
ஹூஸ்டன்