இளைத்த குதிரையைத் தேற்றும் முறை

குதிரை இளைத்துவிட்டால் உடையவர்கள் வழக்கமாகச் செய்வது கொள்ளின் அளவைக் கூட்டுவதேயாகும். இதனால் சில குதிரைகள் தேறுவதுண்டு. பல குதிரைகளோ வயிற்றுவலி கண்டும், குளம்பு அழன்று நொண்டியும் முன்னிலும் மெலிகின்றன. நெடுநாட் பட்டினியால் எலும்புந்தோலுமான குதிரை, திடீரென்று நிறையத் தானியம் வைத்தமையாலேயே மாண்டுபோவதும் உண்டு. ஆகையால் இளைப்பின் காரணத்தை முதலில் அறிந்து, பின்பு புல்லையும், அதன்பின் தானியத்தையும், இறுதியில் எண்ணெயையும் படிப்படியாகக் கூட்டுதலே சரியான முறையாகும்.

பழைய படிப்பினை

தென்னாட்டில் குதிரைத் தீனியைப்பற்றிய குறை புதிதன்று. 13ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கப்பல்களில் ஆண்டுதோறும் வந்திறங்கிய குதிரைகளிற் பெரும்பாலானவை பராமரிப்பறியாமையால் விரைவில் மடிந்தன என்றும், அவற்றுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுக்கப்பட்டன என்றும் எழுதியுள்ளார். வறுத்த வாற்கோதுமையும், நெய் சேர்த்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கப்பட்டமையைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறித்துள்ளார். விலையுயர்ந்த இப்பொருள்களைக் கொடுத்தவர்கள் குதிரையின்மீது அன்பில்லாதவர்கள் அல்லர். மனிதனுக்கு நல்லது குதிரைக்கும் நல்லதென்று எண்ணினார்கள்.

குதிரையின் வயிற்றமைப்பு வேறானது. அதன் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. அது நாளின் பெரும்பகுதியைச் சிறுகச் சிறுகப் புல் மேய்வதிலேயே கழிக்கும் பிராணி. நார்ப்பொருள் அதன் பெருங்குடலில் நுண்ணுயிர்களாற் புளிக்கச் செய்யப்பட்டுச் சத்தாகிறது. ஒரே வேளையில் மிகுந்த தானியம் இட்டால், சீரணியாத மாவுப்பொருள் பெருங்குடலுக்குச் சென்று அமிலமாகி, வயிற்றுவலிக்கும் குளம்பு அழற்சிக்கும் இடமளிக்கிறது.

இளைப்பை அளத்தல்

கண் மதிப்பீடு மட்டும் போதாது. முன்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்க. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, மீண்டும் நீளத்தாற் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 148, நீளம் 136 உள்ள நாட்டுக் குதிரையின் எடை சுமார் 250 கிலோவாகும். இக்கட்டுரையிற் கூறும் அளவுகள் யாவும் இவ்வெடையுள்ள குதிரைக்குரியவை. மற்றவற்றுக்கு எடைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்க.

நல்ல நிலையிலுள்ள குதிரையின் விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியா; தடவினால் கைக்குத் தட்டுப்படும். விலாக்களும் முதுகெலும்பும் இடுப்பெலும்பின் முனைகளும் தெளிவாகத் தெரிந்தால் குதிரை இளைத்துள்ளது என்று அறியலாம். 15 நாளுக்கொரு முறை அளவெடுத்துத் தேதியுடன் குறித்து வருதல் அவசியம்.

காரணத்தை அறிதல்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கு வைத்தியர் முதலியோரின் சம்பளமும், சேமிக்கவேண்டிய மருந்துகளும், நோயாளருக்கு வேண்டிய அரிசியும் அதில் ஒருங்கே குறிக்கப்பட்டுள்ளன. நோய்க்கு மருந்தும் உடலுக்கு உணவும் சேர்ந்தே வேண்டும் என்பதை அவ்வேற்பாடு காட்டுகிறது. குதிரைக்கும் இது பொருந்தும். நோய் உள்ளிருக்க உணவை மட்டும் கூட்டுதல் ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதையொக்கும். ஆராயவேண்டியவை பின்வருமாறு:

1. பல்: குதிரையின் மேற்கடைவாய்ப் பற்கள் வெளிப்புறத்திலும் கீழ்ப்பற்கள் உட்புறத்திலும் கூர்மையாக வளர்ந்து கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாக வெளியே தள்ளுதலும், சாணத்தில் முழுத்தானியம் காணப்படுதலும் இதன் அறிகுறிகளாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கால்நடை வைத்தியரைக்கொண்டு பற்களைப் பரிசோதித்து அராவிக்கவேண்டும்.

2. குடற்புழு: சாணத்தைப் பரிசோதிக்கச் செய்து, புழுவின் வகைக்கும் குதிரையின் எடைக்கும் ஏற்ற மருந்தை வைத்தியர் சொற்படி கொடுக்கவும். மிகவும் நலிந்த குதிரைக்குத் தாமாகவே மருந்தளித்தல் ஆபத்தானது.

3. மணல்: ஆற்றோர மணல்வெளியிற் குட்டைப்புல்லை மேயும் குதிரையும், தரையிற் கொட்டிய தீனியைத் தின்னும் குதிரையும் மணலையும் சேர்த்து விழுங்கும். அது பெருங்குடலிற் படிந்து, கழிச்சலையும் வயிற்றுவலியையும் இளைப்பையும் உண்டாக்கும். சாணத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் நீரிற் கரைத்து வைத்தால் மணல் அடியிற் படியும். மணல் படியாதது கொண்டு குடலில் மணலில்லை என்று முடிவுகட்டலாகாது. திருமுக்கூடல் போன்ற ஆற்றங்கரைக் கிராமத்தார் புல்லைத் தொட்டியிலிட்டே கொடுத்தல் நலம்.

4. சர்ரா நோய்: நன்றாகத் தின்றும் குதிரை இளைத்துக்கொண்டே வந்து, விட்டுவிட்டுக் காய்ச்சலும், வயிற்றின் அடியிலும் கால்களிலும் வீக்கமும் கண்டால் இந்நோயென்று ஐயுறவேண்டும். இரத்தத்திலுள்ள நுண்ணுயிரால் வருவது. கடிக்கும் பெரிய ஈக்களாற் பரவுவது. 1880ம் ஆண்டில் பஞ்சாபில் கிரிபித் எவான்ஸ் என்பவர் இந்நுண்ணுயிரைக் கண்டறிந்தார். இரத்தப் பரிசோதனையும் உரிய மருந்துமின்றி எத்தீனியாலும் இதைத் தீர்க்க இயலாது.

புல்லே முதல்

குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் நூற்றுக்கு 2 முதல் 2½ பங்கு உலர்ந்த தீனி வேண்டும். இது 5 முதல் 6 கிலோ உலர்ந்த புல்லுக்கு, அல்லது 20 முதல் 25 கிலோ பசும்புல்லுக்குச் சமம். அறுகம்புல் மிகவும் ஏற்றது. நெல் வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி உடலைத் தேற்றாது. தன் பெயரிலேயே குதிரையைத் தாங்கிய குதிரை மசால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிக்கது. நாளும் ஒரு கிலோ உலர்ந்த மசாலையேனும் மற்றப் புல்லுடன் கலந்து கொடுத்தால் நற்பயன் தரும். புல் எக்காரணத்தாலும் இரவில் தீர்ந்துபோகலாகாது. சுத்தமான நீர் 15 முதல் 30 லிட்டர்வரை நாளும் வேண்டும். உப்பு 25 கிராம் கொடுக்கலாம்.

பட்டினி கிடந்த குதிரை

நெடுநாள் உணவின்றி எலும்பு தெரியும் குதிரையைத் தனி முறையில் தேற்றவேண்டும். திடீரென மாவுப்பொருள் சேருங்கால், இரத்தத்திலுள்ள பாஸ்பரமும் மக்னீசியமும் தாழ்ந்து, இருதயமும் சுவாசமும் தளர்ந்து, சில நாட்களில் மரணம் நேரக்கூடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியார் இத்தகைய குதிரைகளில் ஆராய்ந்து, மாவு குறைந்த குதிரை மசாலைச் சிறுசிறு அளவில் அடிக்கடி கொடுத்தலே சிறந்ததெனக் கண்டனர். முதல் மூன்று நாட்கள் 4 மணிக்கொருமுறை உலர்ந்த மசால் கால் கிலோ, அல்லது பசுமசால் ஒரு கிலோ வைக்கலாம். பத்தாம் நாள்வரை சிறிது சிறிதாகக் கூட்டி, அதன்பின் வேண்டுமட்டும் புல் விடலாம். இக்காலத்தில் தானியம் ஒரு பிடியும் கூடாது. வைத்தியரின் மேற்பார்வை இன்றியமையாதது.

தானியமும் எண்ணெயும்

புல் தின்று பழகிய பின்னரே தானியம். கொள்ளில் நூற்றுக்குச் சுமார் 22 பங்கு புரதமுண்டு. தசை வளர அது உதவும். பச்சைக் கொள்ளிலுள்ள சீரணத்தடைப் பொருள் வேகவைத்தாற் குறையுமாதலின், ஊறவைத்து வேகவைத்து ஆறியபின் கொடுக்கவும். முதலில் நாளொன்றுக்கு 250 கிராம் தொடங்கி, மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை 250 கிராம் கூட்டுக. கொள்ளும் இடித்த கம்பு அல்லது சோளமும் சமபங்காகச் சேர்க்கலாம். ஒரு வேளைக்கு உலர்ந்த நிறையில் அரைக் கிலோவுக்கு மேலும், நாளொன்றுக்கு 2 கிலோவுக்கு மேலும் வேண்டாம்.

இதற்கு மேலும் சத்து வேண்டுமாயின் எண்ணெயை நாடவேண்டும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழி இங்கு நன்கு பொருந்தும். எண்ணெய், மாவுப்பொருளினும் இரண்டேகால் மடங்கு சக்தி தருவது. பெருங்குடலைப் புளிக்கச் செய்யாதது. நல்லெண்ணெயை நாளொன்றுக்கு 25 மில்லியில் தொடங்கி, மூன்று வாரத்தில் 150 முதல் 200 மில்லிவரை கூட்டித் தானியத்துடன் பிசைந்து கொடுக்கலாம். சாணம் இளகினால் குறைத்துவிடுக. எண்ணெய் கொடுக்கும் நாட்களில் பசும்புல் தவறாது வேண்டும். உயிர்ச்சத்து ஈ அதிலுண்டு.

விலக்கவேண்டியவை

அரிசித் தவிட்டில் பாஸ்பரம் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. தவிட்டையே பெரிதும் நம்பினால் எலும்பு மெலிந்து முகம் வீங்கும் நோய் வரும். யானைப்புல், கினியாப்புல் முதலியவற்றையே எப்பொழுதும் கொடுத்தாலும் இத்தகைய தீங்கு உண்டு. சூபாபுல் தழையால் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும். பூஞ்சணம் பூத்த பிண்ணாக்கு நஞ்சாகும். கோழித்தீவனத்திலும் சில மாட்டுத்தீவனங்களிலும் சேர்க்கும் மொனென்சின் என்னும் மருந்து குதிரையின் இருதயத்தைத் தாக்கிக் கொல்லும். யூரியா கலந்த வைக்கோலும் வேண்டாம்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை போன்ற இடங்களில் வாங்கிவரும் குதிரையை இரு வாரமேனும் தனியே கட்டிவைத்தல் வேண்டும். இளைப்புடன் மூக்கிற் சளியும் தோலிற் கட்டிகளும் புண்களும் கண்டால் கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோயாக இருக்கலாம். அது மனிதரையும் பற்றும். 2009ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, உடையவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவித்தல் கடமை. அச்செய்தியை அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்துமூலம் உடனே அனுப்பவேண்டும்.

முறையாகப் பேணினால் விலாக்கள் சதையால் மூடப்பட இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். சந்தையும் திருவிழாவும் நெருங்கினும் அவசரம் கூடாது. ஒரு மாதம் இம்முறைப்படி நடந்தும் அளவுகோல் ஏறாவிடின், தீனியைக் கூட்டாது, காரணத்தை மீண்டும் ஆராய்க.