ஆழியாற்று உபரிநீர் வீணாகிறதா?

சென்ற பருவமழைக் காலத்தில் ஆனைமலைப் பக்கத்துச் சங்கமொன்றின் பொதுக்குழுவிற்குச் சென்றிருந்தேன். வரவு செலவு வாசித்து முடிந்ததும் முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஏனுங்க, நெறஞ்ச தண்ணிய ஆத்துல உட்டுப்போட்டு, அப்பறம் முறைத் தண்ணிக்கு எங்களைக் காக்க வைக்கறாங்களே, இது நாயமுங்களா?" என்று வினவினார். சபையினர் பலரும் தலையசைத்தனர். அன்று நான் சுருக்கமாகவே விடை கூற நேர்ந்தது. அக்குறையை இங்கே தீர்த்துக்கொள்ள விழைகிறேன்.

மேற்கே ஓடிக் கடலிற் கலந்த மலையாறுகளின் நீரைக் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தைப் பண்டித நேரு 1961-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி தொடங்கிவைத்தார். அத்திட்டத்தின் அணைகளுள் நமது கண்ணெதிரே இருப்பது ஆழியாற்று அணை. இதன் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு சுமார் 386 கோடி கன அடி. அணை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே ஐந்து வாய்க்கால்களில் பாசனம் பெற்றுவந்த பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கருக்கும், பொள்ளாச்சி, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடைக் கால்வாய்களும் ஊட்டுக் கால்வாயும் பாயும் புதிய ஆயக்கட்டு 44,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்கும் இதுவே ஆதாரம். இரு மாநில உடன்படிக்கைப்படி ஆண்டுதோறும் மணக்கடவில் கேரளத்திற்கு 725 கோடி கன அடி கிடைக்கச் செய்ய வேண்டிய கடமையும் உண்டு. பொள்ளாச்சி நகரத்தார் அம்பராம்பாளையத்தில் எடுத்துக் குடிப்பதும் இந்த ஆற்று நீரே. நெசவாள அங்கத்தினர்கள் இது தங்களுக்குப் புறம்பான விஷயமென்று எண்ணலாகாது. நெகமத்துச் சேலையை விலை கொடுத்து வாங்கும் குடியானவர் வீட்டில் பணம் புழங்குவது கால்வாயில் நீர் புழங்குவதைப் பொறுத்ததன்றோ?

இத்துணை பேர் எதிர்நோக்கியிருக்கும் நீரை ஏன் வெளியே விட வேண்டும்? விடை அணையின் உடலிலேயே இருக்கிறது. ஆழியாற்று அணை கற்கட்டும் மண்கரையும் சேர்ந்து அமைந்தது. கற்கட்டின்மேல் நீர் வழிந்தோடினும் அது ஓரளவு தாங்கும். மண்கரையோ தாங்காது. கரையின் தலைக்குமேல் ஒரு சாண் நீர் வழிந்தாலும், அது பின்சரிவில் வேகங்கொண்டு இறங்கி மண்ணை வாரிச் செல்லும். வாரிய இடம் பள்ளமாகும். பள்ளத்தில் மேலும் நீர் கூடும். வயலில் மடை உடைவதைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனவேதான் முழு நீர்மட்டத்திற்கும் கரையின் தலைக்குமிடையே எப்போதும் வெற்றிடம் விடுகிறார்கள். அந்த வெற்றிடம் நீரைச் சேமிப்பதற்கன்று. எதிர்பாராத வெள்ளத்திற்கும் அலைக்கும் உரியது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மலையிற் பெய்த மழையால் வினாடிக்கு 10,000 கன அடி வீதம் வெள்ளம் வருவதாகக் கொள்க. ஒரு மணியில் அது 3 கோடியே 60 லட்சம் கன அடி. ஒரு நாளில் 86 கோடிக்கு மேல். வெறுமையான அணையிலேயே ஐந்திலொரு பங்குக்கும் அதிகமான இடத்தை அது அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே நிறைந்து நிற்கும் அணையில் அதற்கு இடம் ஏது? 120 அடியைத் தொடும்வரை காத்திராமல், சற்று முன்னரே பதினொரு மதகுகளையும் படிப்படியாக உயர்த்துவதற்குக் காரணம் இதுவே. கடைசி நேரத்தில் ஒருங்கே திறப்பின் கீழேயுள்ள ஆற்றங்கரை ஊர்கள் தாங்கமாட்டா.

மதகு திறக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு நமது மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. வேடசந்தூர்ப் பகுதியிலுள்ள குடகனாற்று அணை ஐந்து தூக்கு மதகுகள் கொண்ட மண் அணை. 1977-ம் ஆண்டு பெருவெள்ளம் வந்தபோது பணியாளர்கள் உடனே மதகுகளை உயர்த்த முற்பட்டனர். ஆனால் மின்சாரம் நின்றுபோயிற்று. மதகுகள் பாதியே உயர்ந்தன. மாற்று ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. கையால் சுற்றிப் பார்த்தனர். வெளியேறியதைக் காட்டிலும் உட்புகுந்தது பன்மடங்காகவே, நீர் கரையின்மேல் வழிந்து பல இடங்களில் அதை உடைத்துச் சென்றது. அங்கே வடிவமைப்பில் இரண்டரை மீட்டர் வெற்றிடம் விடப்பட்டிருந்தது என்பதையும் கருத்திற்கொள்க.

மாறாக, மூட வேண்டிய மதகு திறந்துகொண்டதை 2022-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி பரம்பிக்குளத்தில் கண்டோம். நிறைந்த நிலையில் இருந்த அணையில், நடு மதகின் எதிர்எடையைத் தாங்கும் சங்கிலி அறுந்து மதகு பெயர்ந்தது. வினாடிக்குச் சுமார் 20,000 கன அடி பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றிற்குப் பாய்ந்தது. மதகின் அடிமட்டம் வரை நீர் வடிந்த பிறகே பழுதுபார்க்கும் வேலை சாத்தியமாயிற்று. நமது நிலங்களுக்கு வந்திருக்க வேண்டிய நீர் அது. முதியவர் 'வீண்' என்று சொன்ன சொல் உண்மையில் இதற்கே பொருந்தும்.

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. மண்கரையின் அடியில் சிறிதளவு கசிவு இருப்பது இயல்பே. கசியும் நீர் தெளிவாயிருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. அது கலங்கலாக வரின் உள்ளிருந்து மண் அரித்துவரப்படுகிறது என்று பொருள். அன்றே பொறியாளர் அலுவலகத்திற்குச் சொல்ல வேண்டும். எலி வளை, கரையில் வேர்விடும் மரம், கரையடியில் மண் தோண்டுதல் ஆகியவையும் அத்தன்மையனவே. ஏரி, குட்டைக் கரைகளுக்கும் இது பொருந்துமாதலால், அங்கே ஆடுமாடு ஏறி இறங்கும் தடத்தையும் நமது அங்கத்தினர்கள் கவனிப்பது நலம். உபரிநீர் திறக்கும் எச்சரிக்கை கேட்டபின் ஆற்றோரத்துப் பம்புசெட்டைக் காப்பாற்ற இறங்குவோரைக் குறித்தும் எனக்குக் கவலை உண்டு. மோட்டாரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அன்று கூட்டம் கலையுமுன் அம்முதியவர் இன்னொரு வினாவும் எழுப்பினார்: "சரிங்க, அந்தச் சங்கிலிய யாருங்க பாக்கறது?" 2021-ம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், அதன் வரம்புக்குட்பட்ட ஒவ்வோர் அணையையும் பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆண்டுதோறும் ஆய்வு செய்யும் பொறுப்பை அணையின் உடைமையாளர்மீது சுமத்தியுள்ளது. நமது பாசன சபைகள் அந்த ஆய்வு நடந்ததா, மதகும் சங்கிலியும் பார்க்கப்பட்டனவா என்று எழுத்து மூலம் கேட்கலாம். வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, தேதியிட்டு அனுப்புமாறு செயலாளரிடம் கூறிவிட்டு வந்தேன். அடுத்த தணிக்கையில் அந்தப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்க எண்ணியுள்ளேன்.