வடிகட்டியைத் தாண்டிப் போனது எவ்வளவு?



வாகன உதிரிப்பாகக் கடையில் ஒரே காருக்குப் பல வகைக் காற்று வடிகட்டிகள் கிடைக்கும். பட்டறைக்காரர்கள் இதை ஏர் பில்டர் என்பார்கள். கார் நிறுவனமே விற்கும் அசல் வடிகட்டி, பாதி விலைக்கு வரும் வேறு தயாரிப்பு, எண்ணெய் பூசிய பருத்தித் துணி வடிகட்டி, கூம்பு வடிவ வடிகட்டி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். 'எஞ்சின் சக்தி கூடும்', 'பெட்ரோல் மிச்சமாகும்', 'கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம்' என்று பெட்டிகளில் அச்சிட்டிருக்கும்.

எதை வாங்குவது? நம்மில் பலர் வீட்டில் ஒரே கார்தான். வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அதுவே போக வேண்டும். எஞ்சின் தேய்ந்துவிட்டால் வரும் செலவு வடிகட்டியின் விலையைப் போல் பல மடங்கு. ஆகவே விளம்பரத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியலைக் கொண்டே இதை ஆராய்வோம்.

எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறது?

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. 1 லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் 0.74 கிலோ. எனவே அதற்குத் தேவைப்படும் காற்று ஏறத்தாழ 11 கிலோ. நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.16 கிலோ என்று கொண்டால், 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,400 லிட்டர் காற்று, அதாவது 9.4 கன மீட்டர் வேண்டும்.

35 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால்? ஏறக்குறைய 330 கன மீட்டர். 9 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறையின் கன அளவு சுமார் 200 கன மீட்டர். ஒரு தடவை நிரப்பும் பெட்ரோல், ஒன்றரை வகுப்பறைக் காற்றுக்கும் மேல் உறிஞ்சிவிடுகிறது. அந்தக் காற்றில் உள்ள தூசும் கூடவே வருகிறது.

எல்லாத் தூசும் ஒன்றல்ல

பேராக் மாநிலத்தில் தூசு இடத்துக்கு இடம் மாறும். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள் நிற்கின்றன. சிம்பாங் பூலாய், குனோங் ராபாட் பக்கம் கல்லுடைப்பு லாரிகளின் பின்னால் போனால் வெண்தூசு படியும். இது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது கால்சைட் என்னும் கனிமம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதன் மதிப்பு 3 மட்டுமே.

கிந்தா பள்ளத்தாக்கின் இருபுறமும் உள்ள மலைத்தொடர்கள் கருங்கல்லால் ஆனவை. கருங்கல் சிதைந்து மண்ணாகும்போது அதிலுள்ள குவார்ட்சு மட்டும் கரையாமல் மணலாகத் தங்கிவிடும். பத்து காஜா, கம்பார் வட்டாரப் பழைய ஈயச்சுரங்க நிலங்களில் பரந்து கிடக்கும் மணல் இதுதான். ரப்பர்த் தோட்டங்களாக இருந்து இன்று செம்பனை நிற்கும் இடங்களின் செம்மண் சாலைகளிலும், களிமண்ணோடும் இரும்பு ஆக்சைடோடும் குவார்ட்சுத் துகள்கள் கலந்திருக்கும். குவார்ட்சின் கடினம் 7. எஃகுக் கத்தியின் கடினமே சுமார் 5.5தான். குவார்ட்சு எஃகைக் கீறும். சிலிண்டரின் வார்ப்பிரும்பையும் கீறும்.

பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். அதன் தடிப்பு மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். நம் தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரோமீட்டர். எண்ணெய்ப் படலத்தின் தடிப்பையொத்த குவார்ட்சுத் துகள் இடையில் புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். நாளடைவில் அழுத்தம் கசியும், எஞ்சின் எண்ணெய் எரியும், புகைக்குழாயில் நீலப் புகை வரும்.

புகைமூட்டம் வேறு வகை. 2015, 2019 ஆம் ஆண்டுகளில் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டது நினைவிருக்கலாம். அந்தப் புகையில் மிகுதியாக இருந்தவை பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள். அவை நம் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஆனால் குவார்ட்சைப் போல உலோகத்தைக் கீறுவதில்லை. காருக்குள் நாம் சுவாசிக்கும் காற்றுக்குத் தனி வடிகட்டி உண்டு. அதையும் எஞ்சின் வடிகட்டியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வடிகட்டி வெறும் சல்லடையா?

இல்லை. தேநீர் வடிகட்டி ஓட்டையைவிடப் பெரியதை மட்டும் நிறுத்தும். காற்று வடிகட்டியோ மூன்று வழிகளில் வேலை செய்கிறது. மிகப் பெரிய துகள்கள் இழைகளுக்கு நடுவே சிக்குகின்றன. அடுத்த அளவுத் துகள்கள், காற்று வளைந்து திரும்பும்போது சடத்துவத்தால் திரும்ப முடியாமல் நேரே சென்று இழையில் மோதி ஒட்டுகின்றன. மிக நுண்ணிய துகள்கள் பிரௌனியன் அசைவால் அங்குமிங்கும் அலைந்து இழையைத் தொட்டு ஒட்டிக்கொள்கின்றன.

இன்னொரு வியப்பு: படிந்த தூசே கூடுதல் வடிகட்டியாகிவிடும். ஓரளவு பயன்படுத்திய வடிகட்டி புதியதைவிட நன்றாகத் தூசைப் பிடிக்கும். ஆனால் காற்று நுழைவது கடினமாகிக்கொண்டே போகும். தூசைத் தடுப்பது, காற்றை விடுவது என்ற இரண்டையும் ஒருசேரச் சமாளிக்கத்தான் தாளை மடிப்பு மடிப்பாக மடித்துப் பரப்பளவைக் கூட்டுகிறார்கள்.

பழைய தோட்ட டிராக்டர்கள் பலவற்றில் தாள் வடிகட்டி இருந்ததில்லை. உள்ளே வரும் காற்று எண்ணெய் உள்ள சிறு தொட்டியின் மேல் சட்டென்று திரும்பும். கனமான தூசு திரும்ப முடியாமல் எண்ணெயில் விழும். உங்கள் தாத்தா தோட்டத்தில் வண்டி ஓட்டியவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

99-க்கும் 97-க்கும் என்ன வேறுபாடு?

இதுதான் பாடத்தின் மையம். ஒரு வடிகட்டி 99 விழுக்காடு தூசைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 விழுக்காடு பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'இரண்டு விழுக்காடுதானே' என்று தோன்றும். பிடித்ததைப் பார்க்காதீர்கள், தாண்டிப் போனதைப் பாருங்கள்.

ஒரு கார் 20,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் என்றால் 1,400 லிட்டர் பெட்ரோல். சுமார் 13,000 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டரில் 1 மில்லிகிராம் தூசு என்று கொள்வோம். மொத்தத் தூசு 13 கிராம். முதல் வடிகட்டியைத் தாண்டியது 0.13 கிராம். இரண்டாவதைத் தாண்டியது 0.39 கிராம். எஞ்சினுக்குள் போன தூசு மூன்று மடங்கு! செம்மண் சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடும் வண்டிக்கு இந்தத் தொகைகள் எல்லாமே பெருகும்.

வடிகட்டிகளைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்ற அனைத்துலகத் தரமுறை இருக்கிறது. அளவாகத் தயாரித்த சோதனைத் தூசைச் செலுத்தி, எவ்வளவு பிடித்தது, காற்றை எவ்வளவு தடுத்தது, எவ்வளவு தூசைத் தாங்கியது என்று அளப்பார்கள். பெட்டியில் 'சக்தி கூடும்' என்று மட்டும் இருந்து, இத்தகைய எண் எதுவும் இல்லாவிட்டால் கேள்வி கேளுங்கள்.

சக்தி கூடுமா? பெட்ரோல் மிச்சமாகுமா?

வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நல்ல புதிய தாள் வடிகட்டியில் இழக்கப்படும் அழுத்தம் பொதுவாக ஓரிரு கிலோபாஸ்கல்தான். தடையே இல்லாத வடிகட்டி ஒன்று இருந்தாலும், அதிகபட்சம் இந்த ஓரிரு விழுக்காட்டைத்தான் மீட்க முடியும். அதுவும் முடுக்கியை முழுவதும் மிதிக்கும்போது மட்டும். நகரில் மெதுவாக ஓட்டுகையில், காற்றுப் பாதையிலுள்ள கட்டுப்பாட்டுத் தகடே வடிகட்டியைவிடப் பல மடங்கு தடுக்கிறது.

கூம்பு வடிகட்டியைத் திறந்தபடி எஞ்சினருகே பொருத்தினால் சூடான காற்றை அது இழுக்கும். படிவம் 4 இயற்பியலில் படித்த சார்ல்ஸ் விதியை நினைவுகூருங்கள். 30 பாகை செல்சியஸ் என்பது 303 கெல்வின். 60 பாகை என்பது 333 கெல்வின். 303-ஐ 333-ஆல் வகுத்தால் 0.91. அதே கன அளவில் 9 விழுக்காடு குறைந்த காற்று! சத்தம் கூடும், சக்தி குறையலாம்.

'வடிகட்டி அழுக்கானால் பெட்ரோல் குடிக்கும்' என்று பெரியவர்கள் சொல்வது கார்புரேட்டர் காலத்து அனுபவம். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர் இருந்தது. காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் மிகும். 2005-இல் வந்த பெரோடுவா மைவி போன்ற கார்களில் கணினி, காற்றுக்கேற்பப் பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கார்களில் அடைத்துக்கொண்ட வடிகட்டியால் பெட்ரோல் செலவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. ஆகவே வடிகட்டியை மாற்றுவதன் முதல் நோக்கம் எஞ்சினைத் தேயாமல் காப்பதே.

பராமரிப்பு

• வாகனக் கையேட்டில் உள்ள கால அளவைப் பின்பற்றுங்கள். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்குப் பல கையேடுகள் குறுகிய இடைவெளியைத் தனியே குறிப்பிட்டிருக்கும்.

• தாள் வடிகட்டியைத் தண்ணீரில் கழுவக்கூடாது. காற்றுக் குழாயால் பலமாக ஊதவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். மெதுவாகத் தட்டினால் போதும்.

• எண்ணெய் பூசிய பருத்தி வடிகட்டியை அதற்குரிய திரவத்தால் கழுவி, முழுதும் காயவைத்து, அளவாக எண்ணெய் பூச வேண்டும். எண்ணெய் மிகுந்தால், சில கார்களில் காற்றை அளக்கும் உணரியில் படிந்து கோளாறு செய்யும். எண்ணெய் குறைந்தால் தூசு தாண்டும்.

• அசல் அல்லாத வடிகட்டியை வாங்கும்போது பழையதோடு சேர்த்து வைத்து நீளம், அகலம், உயரம், ஓரத்து ரப்பர் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் காற்று அந்த எளிய வழியாகவே நுழையும்.

• பெட்டியை ஈரத்துணியால் துடைத்த பிறகே புதியதை வையுங்கள்.

• வடிகட்டிக்கு அப்பால், எஞ்சின் பக்கம் உள்ள குழாயின் உட்புறத்தைச் சுத்தமான விரலால் தடவிப் பாருங்கள். நெறுநெறுவென்று தூசு தட்டுப்பட்டால், வடிகட்டி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யவில்லை.

செய்து பார்ப்போம்

எஞ்சின் ஆறிய பின், பெரியவர் துணையோடு செய்யுங்கள். முகக்கவசம் கட்டாயம், குவார்ட்சுத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

1. கழற்றிய பழைய வடிகட்டியைத் தாளின் மேல் மெதுவாகத் தட்டுங்கள்.
2. விழுந்த தூசைக் கண்ணாடிக் குவளையில் இட்டு, சில துளி வினிகர் விடுங்கள். குமிழி வந்தால் அது கார்பன் டைஆக்சைடு. தூசில் சுண்ணாம்புக்கல் உண்டு.
3. குமிழி நின்றதும் எஞ்சியதைக் கழுவிக் காயவைத்து, வேண்டாத இரு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே தேயுங்கள். துண்டுகளின் ஓரத்தை முன்பே ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது பெரும்பாலும் குவார்ட்சு.

ஈப்போ நகரில் ஓடும் கார், தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் கார் என இரண்டின் தூசையும் நண்பர்களோடு ஒப்பிட்டு அட்டவணை தயாரியுங்கள்.

சிந்திக்க

1. ஒரு வடிகட்டி 99.5 விழுக்காடும் மற்றொன்று 98 விழுக்காடும் தூசைப் பிடிக்கின்றன. தாண்டிப் போகும் தூசு எத்தனை மடங்கு வேறுபடும்?
2. வடிகட்டியை வாரந்தோறும் கழற்றித் தட்டுவது ஏன் நல்லதல்ல?
3. எஞ்சின் பெட்டியின் வெப்பநிலை 50 பாகை செல்சியஸ் என்றால், 30 பாகையோடு ஒப்பிடுகையில் காற்றின் நிறை எத்தனை விழுக்காடு குறையும்?