நம் நிரல்களைத் தானே காட்டும் அகப்பக்கம்

கணினித் துறையில் பயிலும் நண்பர்கள் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது தன்விவரக் குறிப்போடு ஓர் அகப்பக்க முகவரியையும் இணைப்பது வழக்கமாகிவிட்டது. நாம் எழுதிய நிரல்களை அங்கே காட்சிக்கு வைக்கிறோம். ஒவ்வொரு நிரலை முடித்ததும் அகப்பக்கத்தையும் திருத்த யாருக்கும் பொறுமை இல்லை. எனவே, கிட்ஹப்பில் உள்ளவற்றை அகப்பக்கமே எடுத்துக் காட்டும்படி செய்துவிடுகிறோம். அதைச் செய்யும் முறையையும் நான் அதைத் தவறாகச் செய்து பட்ட பாட்டையும் இங்கே எழுதுகிறேன். பிற துறை நண்பர்கள் பின்பாதியில் வரும் தமிழ் எழுத்துச் சிக்கலையாவது படியுங்கள்.

முதலில் சிறு விளக்கம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய ‘கிட்’, ஒரு நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் மென்பொருள். அவ்வாறு பதியப்பட்ட கோப்புகளின் தொகுப்பைக் களஞ்சியம் என்கிறோம். 2008-இல் தொடங்கிய கிட்ஹப், களஞ்சியங்களை இணையத்தில் வைக்க இடம் தருகிறது. மற்ற நிரல்கள் வந்து கேள்வி கேட்டுப் பதில் பெற்றுச் செல்ல ‘ஏபிஐ’ என்ற வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. பயனர் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருடைய பொதுக் களஞ்சியங்களின் பெயர், விளக்கம், நிரல்மொழி, கடைசியாக மாற்றிய நாள் எல்லாம் ‘ஜேசன்’ வடிவில் வந்துவிடும். ஒரு தடவைக்கு 30. கேட்டால் 100 வரை கிடைக்கும். சில வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, வந்தவற்றை அட்டை அட்டையாக அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் ஒரே இரவில் எழுதி, அம்மாவின் கைப்பேசியில் திறந்து காட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

நேர்முகத் தேர்வு கே.எல். சென்ட்ரலை அடுத்த ஒரு நிறுவனத்தில் நடந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இருவர் கேள்வி கேட்டார்கள். இருவரும் தத்தம் கணினியில் என் பக்கத்தைத் திறந்தார்கள். முதலில் வந்தது. ஒருவர் இரண்டு முறை புதுப்பித்தார். பிறகு அட்டைகள் இருந்த இடம் வெறுமையாகிவிட்டது. “தம்பி, இங்கே ஒன்றுமே இல்லையே?” என்று அந்த அக்கா கேட்டபோது எனக்குக் காரணம் தெரியவில்லை. “லைன் சரியில்லை போலிருக்கிறது, மேடம்,” என்று உளறினேன்.

லைன் சரியாகத்தான் இருந்தது. அடையாளம் காட்டாமல் கேட்பவர்களுக்குக் கிட்ஹப் ஒரு மணி நேரத்தில் 60 கேள்விகளுக்கு மட்டுமே பதில் தரும். அந்த 60-உம் ஆளுக்கு அன்று, இணைய முகவரிக்கு. ஓர் அலுவலகமே ஒரு முகவரியின் வழியாக வெளியே போகுமானால் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் 60. என் நிரலோ பட்டியலை ஒரு முறை கேட்டுவிட்டு, 14 களஞ்சியங்களுக்கும் நிரல்மொழி விழுக்காட்டைத் தனித்தனியாகக் கேட்டது. பக்கத்தை ஒருமுறை திறந்தால் 15 கேள்விகள். நான்கு முறை திறந்தால் கணக்குத் தீர்ந்தது.

அடையாளக் குறியான ‘டோக்கன்’ கொடுத்துக் கேட்டால் மணிக்கு 5,000 கேள்விகள் வரை கேட்கலாம். ஆனால் அதை அகப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைப்பது வீட்டுச் சாவியை வாசற்கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

சரியான வழி, பார்ப்பவரின் உலாவி கிட்ஹப்பைக் கேட்காமலே இருப்பது. ‘கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்’ என்ற வசதியைக் கொண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு பைத்தான் நிரலை ஓடவிட்டேன். அது பட்டியலை எடுத்து, ஒரு ஜேசன் கோப்பாக அகப்பக்கத்தோடு சேமித்துவிடும். பார்க்க வருபவர் அந்தக் கோப்பைத்தான் படிக்கிறார். நாளைக்கு ஆயிரம் பேர் வந்தாலும் கவலையில்லை (வரமாட்டார்கள், அது வேறு விஷயம்). நேரத்தை அனைத்துலக நேரப்படி 22 மணி என்று குறித்தேன். நமக்கு அது காலை 6 மணி. ஒன்றைக் கவனியுங்கள்: பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் இந்த அட்டவணை தானாக நின்றுவிடும். நாமே போய் மீண்டும் முடுக்கிவிட வேண்டும்.

அடுத்தது எதைக் காட்டுவது என்ற கேள்வி. வெறுமனே பட்டியலைக் கேட்டால் பெயரின் அகரவரிசையில் வரும். மற்றவர் களஞ்சியத்திலிருந்து நாம் எடுத்த ‘ஃபோர்க்’ என்னும் பிரதிகளும் கலந்திருக்கும். முதலாம் ஆண்டில் ஆர்வக்கோளாற்றில் ‘ஓப்பன் தமிழ்’ என்ற திறந்தமூல நூலகத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. என் பக்கத்தில் அது என் படைப்பைப் போல நின்றது. நேர்முகத் தேர்வில் அட்டைகள் மறைவதற்குமுன் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். இல்லை, என்னுடையதில்லை என்று சொன்னபோது முகம் சிவந்துவிட்டது. ஃபோர்க் என்று குறிக்கப்பட்டவற்றை ஒதுக்க ஒரே ஒரு நிபந்தனை போதும். அதற்கும் மேலாக, காட்டத் தகுந்தவற்றுக்கு மட்டும் கிட்ஹப்பில் ஒரு தலைப்புக் குறிச்சொல் இட்டு, அந்தச் சொல் உள்ளவற்றை மட்டும் எடுக்கச் சொன்னேன். எடுத்து அடுக்குவதை நிரல் செய்யட்டும். எது மேடை ஏற வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பாதியில் விட்ட பயிற்சிகளைப் பதினான்கு அட்டைகளாகக் காட்டியதைவிட ஐந்து அட்டைகள் நன்றாகவே இருக்கின்றன.

அந்த ஐந்தில் எனக்குப் பிடித்தது, தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான சொல்வதெழுதுதல் பயிற்சி. களஞ்சியத்திற்குத் தமிழில் பெயரிட முயன்றேன். எழுத்துகளுக்குப் பதில் இணைப்புக்கோடுகள்தாம் வந்தன. ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறெதையும் களஞ்சியப் பெயரில் கிட்ஹப் ஏற்பதில்லை. விளக்கத்தைத் தமிழில் எழுதலாம். எழுதினேன். என் நிரல் நீண்ட விளக்கங்களை அளந்து வெட்டியபோது அட்டையில் ‘பயிற்ச...’ என்று வந்தது!

காரணம் யூனிகோடில் இருக்கிறது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. நான்காவதோடு வெட்டினால் புள்ளி போய் ‘தமிழ’ என்றாகும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய நிரல்கள் தமிழை இப்படித்தான் கடித்து வைக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் ‘செக்மென்ட்டர்’ என்ற கருவி எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. என் வேலை பைத்தானில் நடப்பதால் ஓப்பன் தமிழ் நூலகத்தையே நிறுவிக்கொண்டேன். அது த, மி, ழ் என்று ஒழுங்காக எண்ணுகிறது.

தமிழ் விளக்கம் உள்ள அட்டையில் மொழி தமிழ் என்று எச்.டி.எம்.எல்.-இல் குறித்துவிடுங்கள். எங்கள் வட்டாரத்தில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது; நடைபாதைகளில் மஞ்சள் தொடுகற்களைத் தினமும் தாண்டிப் போகிறோம். திரைவாசிப்பான் பயன்படுத்துபவரின் கணினியில் தமிழ்க் குரல் இருந்தால், அந்தச் சிறு குறியைப் பார்த்துத்தான் அது தமிழுக்கு மாறும்.

பழைய ஃபோர்க்கைச் சென்ற மாதம் அழித்துவிட்டேன். அந்த நூலகத்தின் பெயர் இப்போது என் பக்கத்தின் அடியில், பயன்படுத்திய மென்பொருள்களின் வரிசையில் இருக்கிறது.