மெல்ல ஓடினால் வெள்ளை, விரைந்து ஓடினால் கறுப்பு



இதயத்திலிருந்து தமனி வழியாகப் பாயும் இரத்தம் தந்துகிகளில் வேகம் குறைந்து, சிரை வழியாகத் திரும்புகிறது. இது நீங்கள் படித்த பாடம். கரு வளரும்போது சில இடங்களில் இந்தக் குழாய்கள் ஒழுங்கின்றி அமைந்துவிடுவதுண்டு. இதுவே பிறவி இரத்தநாளக் கோளாறு. தாய் கிரகணத்தைப் பார்த்ததால் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையல்ல.

குழந்தையின் கன்னத்தில் ஒரு நீலநிற வீக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது எந்த வகை? மூன்று வகைகளைப் பார்ப்போம்.

1. இரத்தநாளக் கட்டி: பெரும்பாலும் பிறந்த சில வாரங்களில் தோன்றி, வேகமாக வளர்ந்து, பிறகு மெல்லச் சுருங்கும்.
2. சிரைக் கோளாறு: சிரைகள் விரிந்து, இரத்தம் மெதுவாகத் தேங்கி ஓடும். தானாக மறையாது.
3. தமனி-சிரைக் கோளாறு: தந்துகிகள் இல்லாமல் தமனி நேரே சிரையோடு இணைந்திருக்கும். இரத்தம் மிகுந்த அழுத்தத்துடன் பாயும்.

கட்டி வேறு, கோளாறு வேறு என்று 1982-இல் அமெரிக்காவின் ஜான் முல்லிகன், ஜூலி குளோவாக்கி இருவரும் தெளிவாகப் பிரித்துக் காட்டினர். அதுவரை பலவற்றுக்கும் ஒரே பெயரே வழங்கியது. பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும். சிரைக் கோளாற்றை மருந்து ஊசியால் சுருக்கலாம். தமனி-சிரைக் கோளாற்றுக்கு மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்தி அடைப்பார்கள். சில சமயம் அறுவையும் செய்வார்கள். சாதாரணக் கட்டி என்று நினைத்து அதைக் கீறினால் இரத்தப்பெருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஓட்டத்தின் வேகத்தைக் கீறாமல் அறிய உதவுவது எம்.ஆர்.ஐ. மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம், பினாங்கில் நம் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப்புலத்தைவிட 30,000 மடங்குக்கும் அதிகம். அதனுள் நம் உடல் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள், சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைக்கு மறுமொழி தருகின்றன. நாம் கேட்கும் பண்பலை வானொலி ஏறத்தாழ 88-இல் தொடங்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இதில் எக்ஸ் கதிர் இல்லை. ஆகவே குழந்தைகளுக்கு ஏற்றது.

இந்தக் கருவி ஒரு வகைப் படத்தில், உடலின் மெல்லிய குறுக்குத் துண்டு ஒன்றுக்கு அடுத்தடுத்து இரண்டு அலைத்துடிப்புகளை அனுப்பும். இரண்டையும் பெற்ற அணுக்கருவே சமிக்ஞை தரும். வகுப்பில் இரண்டு முறை பெயர் கூப்பிட்டு, இரண்டு முறையும் "உள்ளேன்" என்றவரை மட்டும் பதிவதுபோல. மெதுவாக ஓடும் இரத்தம் இரண்டு முறையும் அங்கேயே இருக்கும். அதனால் சிரைக் கோளாறு வெள்ளையாக ஒளிரும். விரைந்து ஓடும் இரத்தமோ இரண்டாம் துடிப்புக்கு முன்பே வெளியேறிவிடும். அதனால் தமனி-சிரைக் கோளாறு, கறுப்புப் புழுக்கள் நெளிவதுபோல் தெரியும்.

ஆனால் வெள்ளை எல்லாம் சிரை அல்ல. நிணநீர் தேங்கிய பைகளும் ஒளிரும். ஆகவே கடோலினியம் கலந்த மருந்தைச் செலுத்தி மீண்டும் படமெடுப்பார்கள். சிரைக் கோளாற்றுக்குள் மருந்து மெல்ல நிரம்பும். நிணநீர்ப் பையிலோ சுவர் மட்டுமே ஒளிரும்.

சிந்திக்க: எலும்பின் கடினமான வெளிப்பகுதியும் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாகவே தெரியும். அங்கே இரத்தம் விரைந்து ஓடுவதில்லை. பிறகு ஏன் கறுப்பு? கருவி எந்த அணுவின் சமிக்ஞையைக் கேட்கிறது என்பதில் விடை இருக்கிறது.