கோறைக் கதவில் ஆடும் கைபிடி

வன்னியில் அலுமாரி என்றால் ஒரு காலத்தில் முதிரை, தேக்கு, வேம்பு என்று ஏதோ ஒரு மரத்தின் முழுப் பலகைதான். ஓடாவி இழைத்துப் பூட்டிய கதவில் கைபிடியைத் திருகினால், அது மரத்தைக் கவ்விக்கொண்டு பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும். 2009இல் போரின்போது முல்லைத்தீவுச் சனம் வீடு வாசலை விட்டுப் போனது. இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை மீள்குடியேற்றம் கட்டங்கட்டமாக நடந்தது. திரும்பி வந்த பலருக்கு அந்த அலுமாரியும் இல்லை, அது நின்ற சுவரும் இல்லை. இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிதாக வீடு கட்ட ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 5,50,000 ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று காசு கரைந்தபின் தளபாடம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. தொழிற்சாலையில் செய்த, இரண்டு பேர் தூக்கி வைக்கக்கூடிய, பாரம் குறைந்த அலுமாரிகள் அவை. இன்று முல்லைத்தீவின் தண்ணீரூற்றில் ஒருவர் அலுமாரிக் கைபிடி ஆடுகிறது என்றால், அது அநேகமாக இத்தகைய இலகு கதவாகத்தான் இருக்கும்.

இலகு கதவுகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. விலை குறைந்த அலுமாரிகளில் இருப்பது பெரும்பாலும் 16 அல்லது 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள சிப் போட். மரச்சீவலைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. அது உள்ளே நிறைந்ததுதான், ஆனால் திருகாணியைக் கவ்வும் பலம் குறைவு. கோறைக் கதவு வேறு. இருபுறமும் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஹாட்போட் அல்லது பிளைவூட் தோல், சுற்றிவர இரண்டு விரல் அகலத்தில் மரச்சட்டம், நடுவே தேன்கூட்டு வடிவில் மடித்த அட்டை. கனடாவில் நம்மவர் வீடுகளின் உடுப்பறைகளில் உள்ள மடிப்புக் கதவுகளிலும் இதே அமைப்பைக் காணலாம். கதவின் மொத்தத் தடிப்பு 35 மில்லிமீற்றர் இருந்தாலும், அதை ஊடுருவும் திருகாணிக்கு அகப்படும் கெட்டிப் பொருள் ஆறு மில்லிமீற்றர் மட்டுமே.

அந்தத் தோல் ஒன்றும் மட்டமான பொருள் அல்ல. 1924இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து லோரல் நகரில், மர ஆலைக் கழிவை வீணாக்கக் கூடாது என்று முயன்ற வில்லியம் மேசன், மரச்சீவலை உயரழுத்த நீராவியில் வெடிக்கவைத்து நாராக்கி அழுத்திச் செய்தது ஹாட்போட். பரப்பாக நின்று பாரம் தாங்குவதில் அது கெட்டிக்காரப் பொருள். ஒரே புள்ளியில் அமுக்கினால்தான் குழிகிறது.

கைபிடிச் சிக்கல் முழுவதும் இந்தக் குழிவில் இருக்கிறது. முழுமரக் கதவில் ஆடும் பிடியை இறுக்கினால் போதும். கோறைக் கதவில் இறுக்க இறுக்கத் திருகாணியின் தலை பின்பக்கத் தோலை நசுக்கி உள்ளே இறங்கும். இரண்டு கிழமையில் பழைய ஆட்டம் கூடுதலாகத் திரும்பி வரும். மறுபடி இறுக்கினால் மறுபடி இறங்கும். ஆகவே எந்த வழியைத் தெரிவு செய்தாலும் அதனிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: திருகாணி எதன்மீது அழுத்தி நிற்கப்போகிறது?

முதலில் கதவைத் திறந்து பின்பக்கம் பார்க்கவேண்டும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஓரத்திலிருந்து நடுவுக்குப் போனால், சட்டம் முடிந்து கோறை தொடங்கும் இடத்தில் சத்தம் மாறும். கைபிடி எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்து திருகாணித் தலை. அது தோலின் மட்டத்தில் இருக்கிறதா, குழிக்குள் அமிழ்ந்திருக்கிறதா? தலையைப் பிடித்துக்கொண்டு பிடியைத் திருப்பினால் அது இறுகுகிறதா, சும்மா சுற்றுகிறதா? சும்மா சுற்றினால் மரை போய்விட்டது. கதவில் பிழை இல்லை, பிடியையோ திருகாணியையோ மாற்றினால் காரியம் முடிந்தது. திருகாணி இறுகி நிற்க, பிடி மட்டும் ஆடினால் திருகாணியின் நீளம் கூடிவிட்டது என்று அர்த்தம். பிடியின் துளை அடியில் முனை முட்டிவிடுகிறது; பிடி கதவைத் தொடுமுன்பே திருகாணி நின்றுவிடுகிறது.

இந்த நீளக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. பிடியின் துளைக்குள் ஓர் ஈர்க்கை விட்டு ஆழத்தைக் குறித்துக்கொண்டால் போதும். கதவைத் தாண்டி வெளியே நீளும் திருகாணி அந்த ஆழத்திலும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைவாக இருக்கவேண்டும். ஆனால் ஆறு மில்லிமீற்றருக்குக் குறையவும் கூடாது. 35 மில்லிமீற்றர் கதவுக்கு 45 மில்லிமீற்றர்த் திருகாணி பெரும்பாலும் பொருந்தும். பிடியோடு பெட்டியில் வரும் திருகாணி அநேகமாக 25 மில்லிமீற்றர்தான். அது லாச்சிக்கும் சிப் போட் கதவுக்கும் உரியது. நீளம் கொஞ்சம் கூடியிருந்தால் புதியது தேடி அலையவும் தேவையில்லை. தலைக்கடியில் ஒரு வாசர் கூடுதலாகப் போட்டால் சரி.

மரையின் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. இங்கே கடைகளில் கிடைக்கும் பிடிகளுக்கு வழக்கமானது எம்4 திருகாணி: 4 மில்லிமீற்றர் விட்டம், 0.7 மில்லிமீற்றர் மரை இடைவெளி. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் ஆசையாகக் கொண்டுவந்து கொடுக்கும் பிடிகளின் மரை வேறு: 4.17 மில்லிமீற்றர் விட்டம், 0.79 இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்குள் மற்றது இரண்டு சுற்றுப் போய்ச் சிக்கும். பலவந்தமாகத் திருகினால் நல்ல பித்தளைப் பிடியின் மரை தேய்ந்து வீணாகும். அப்படிப்பட்ட பிடியோடு வந்த திருகாணியைக் கட்டாயம் பத்திரப்படுத்தவேண்டும்.

தோல் இன்னும் முழுதாக நசுங்காத கதவுக்கு மிக மலிவான தீர்வு அகல வாசர். திருகாணித் தலையின் அழுத்தம் ஒரு சிறு வட்டத்தில் விழாமல், ஐம்பது சதக் குற்றியிலும் பெரிய வட்டத்தில் பரவும். முன்பக்கம் பிடியின் அடி சிறிதாக இருந்தால் அங்கேயும் ஓர் அடித்தட்டு வைக்கலாம். பித்தளைத் தட்டு வைத்த பிடி பார்வைக்கும் எடுப்பாக இருக்கும். துணிமணி மட்டும் வைக்கும், மெதுவாகத் திறந்து மூடும் அலுமாரிக்கு இதுவே தாராளம். பள்ளிப் பையைக் கைபிடியில் மாட்டித் தொங்கவிடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது தாக்குப்பிடிக்காது.

அந்த வீடுகளுக்கு உரியது குழாய் வழி. பலருக்குத் தெரியாத, ஆனால் எல்லாவற்றிலும் சிறந்த வழி இதுதான். பழைய தொலைக்காட்சி அன்ரெனா ஒன்று வளவு மூலையில் கிடந்தால் அதன் மெல்லிய அலுமினியக் குழாயில் ஒரு துண்டு போதும். திருகாணி உள்ளே தாராளமாகப் போகவேண்டும், அவ்வளவுதான். கதவின் பின்தோலில் மட்டும் துளையைக் குழாயின் பருமனுக்குப் பெருப்பிக்கவேண்டும். முன்தோலின் துளையைத் தொடக்கூடாது. குழாய்த் துண்டைப் பின்னாலிருந்து செலுத்தினால் அது முன்தோலின் உள்முகத்தில் போய் முட்டும். மறுமுனை பின்தோலின் மட்டத்துக்கு வரும்படி அறுக்கவேண்டும். 35 மில்லிமீற்றர் கதவில் 3 மில்லிமீற்றர் தோல் என்றால் குழாய் 32 மில்லிமீற்றர். மேலே அகல வாசர், அதன்மேல் திருகாணி. இப்போது எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் குழாயில் போய் விழும். பின்தோலுக்குப் பாரமே இல்லை. முன்தோல் பிடிக்கும் குழாய்க்கும் இடையே இறுகி நிற்கும். பசை வேண்டாம், காயவிடும் நேரம் வேண்டாம், நாளை பிடியை மாற்ற நினைத்தாலும் கழற்றலாம்.

குழாய் அகப்படாவிட்டால் பேனையின் கோதும் உதவும். அலுமினியம் போல அது நெடுநாள் தாங்காது. இறுக்கும்போது கை கொஞ்சம் நிதானிக்கவேண்டும்.

இரண்டு தோலும் பிய்ந்து, துளை விரல் நுழையும் அளவுக்குப் போய்விட்டால் குழாயால் பயனில்லை. அப்போது மரமுளை. துளையை இரு தோலிலும் வட்டமாகத் துப்புரவாக்கி, அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் உருளைக் கட்டையை வெள்ளைத் தச்சுப் பசை பூசி ஒரு பக்கமிருந்து மறுபக்கம்வரை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, இருபுறமும் மட்டமாக அறுக்கவேண்டும். பிறகு கட்டையின் நடுவில் நாலரை மில்லிமீற்றர்த் துளை. மரக்காலையிலோ தச்சுப் பட்டறையிலோ கடைசல் கழிவில் இப்படிப்பட்ட துண்டு கேட்டால் கிடைக்கும். பழுதைப் பிடியின் அடி மறைக்காவிட்டால் பட்டி பூசித் தேய்த்து வர்ணம் அடிக்கும் வேலையும் சேரும். குழாயைவிட வேலை கூடுதல். ஆனால் கைவிடப்பட்ட கதவையும் இது மீட்கும்.

திருகாணித் துளைக்குள் பசை தோய்த்த தீக்குச்சியைச் செருகுவது முழுமரத்துக்கு நல்ல பழைய வைத்தியம். கோறைக் கதவில் குச்சி உள்ளே விழும். றோல் பிளக்கும் அப்படித்தான். 1911இல் ஜோன் ரோலிங்ஸ் என்பவர் பிரித்தானிய அருங்காட்சியகச் சுவர்களைப் பெரிதாகச் சேதப்படுத்தாமல் மின்சாதனங்களைப் பொருத்துவதற்காக உருவாக்கியது அது. 1958இல் ஜேர்மனியரான ஆர்தர் பிஷர் அதை நைலோனில் செம்மைப்படுத்தினார். இரண்டுமே சுற்றிலும் கெட்டிச் சுவர் இருந்து நெரிக்கும்போதுதான் பிடிக்கும். உள்ளே போனதும் சிறகு விரிக்கும் பொல்ட்டுகள் கோறைக்கென்றே செய்தவை; என்றாலும் அவற்றுக்குப் பெரிய துளை வேண்டும், மெல்லிய தோலையே அவையும் நம்பி நிற்கும். சுவருக்குப் பின்பக்கம் கை எட்டாது, அதனால் அங்கே அவை தேவை. அலுமாரிக் கதவுக்கு இருபக்கமும் கை எட்டுகிறதே! ஊடுருவிப் போகும் திருகாணி இருக்க, சிறகு பொல்ட்டைத் தேடுவது வீண் செலவு.

சுப்பர் குளூவைப் பற்றி ஒரு வரி போதும்: பிடி தோலோடு ஒட்டும், அடுத்த இழுப்பில் தோலின் மேற்படையையும் உரித்துக்கொண்டு வரும்.

சில கதவுகளில் எல்லாம் சரியாகப் பூட்டியும் சில மாதத்தில் திருகாணி தானாகத் தளரும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பிடியைச் சற்றுத் திருகி இழுக்கும் கைப்பழக்கம் அதற்குக் காரணம். இதற்கு வில் வாசர் உதவும். மரைப்பூட்டுப் பசையும் உண்டு. 1953இல் அமெரிக்கப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் கண்டுபிடித்த, காற்றுப் படாத இடத்தில் உலோகத்தோடு உலோகம் நெருங்கும்போது மட்டும் இறுகும் திரவம் அது. நீலநிற வகையை வாங்கினால் சாதாரணத் திருப்புளியால் பின்னர் கழற்றலாம். பிளாஸ்ரிக் பிடியில் அது படக்கூடாது, வெடிப்பு விழலாம். அங்கே ஒரு துளி நகப்பூச்சே போதும்.

கைபிடியையே இடம்மாற்றுவது இன்னொரு தெரிவு. கோறையின் நடுவில் தொழிற்சாலை வைத்த பிடியை ஓரச் சட்டத்துக்குக் கொண்டுவந்தால் கெட்டி மரம் கிடைக்கிறது, இழுக்கும் பலமும் குறைகிறது. பிணைச்சலிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோமோ அவ்வளவு இலகுவாகக் கதவு திறக்கும். பழைய துளையை மறைக்கவேண்டும் என்பதுதான் குறை. அது பிடிக்காதவர்கள் இரண்டு திருகாணிகள் கொண்ட நீளக் கைபிடிக்கு மாறலாம். துளைகளின் மையங்களுக்கிடையே 64, 96, 128 மில்லிமீற்றர் என்ற அளவுகளில் அவை கிடைக்கின்றன; பழைய துளையையே ஒரு முனைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் பிடித்திருப்பதால் பிடி சுற்ற இடமே இல்லை. மடிப்புக் கதவுகளுக்குப் பிடியை இடம்மாற்றுவது பொருந்தாது, அங்கே பிடியின் இடத்தை மடிப்பின் அசைவு தீர்மானிக்கிறது. கனடாவில் இருப்பவர்கள் குழாய் வழிக்கே போகலாம்.

எந்த வழியானாலும், கதவு எதற்காக இவ்வளவு பலத்தோடு இழுக்கப்படுகிறது என்று ஒருமுறை பார்க்கவேண்டும். ஒக்டோபரில் வாடைக்காற்றோடு மாரி தொடங்கியதும் ஹாட்போட்டும் சட்டமும் ஈரம் குடித்து ஊதும். கதவு நிலையில் சிக்கும். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் இழுப்பார். முதலில் தோற்பது கைபிடி. சோழகம் வீசும் கோடையில் மரம் ஒடுங்க, மாரியில் இறுகிய திருகாணி தளரும். சிக்கும் ஓரத்தைக் கொஞ்சம் சீவி, சீவிய இடத்துக்கு வர்ணம் பூசி, பிணைச்சலை நேராக்கினால் பாதி வேலை முடிந்தது. காந்தப் பூட்டு மிகவும் வலிதாக இருந்தாலும் இதே கதைதான்.

கறையான் இருந்தால் மட்டும் இவற்றில் எதுவும் வேண்டாம். கோறைக்குள் இருக்கும் அட்டை அதற்கு விருந்து. பிடியைக் கழற்றும்போது துளையிலிருந்து மண் உதிர்ந்தாலோ, தட்டும் இடமெல்லாம் காகிதம்போல் சத்தம் கேட்டாலோ, கதவைக் கழற்றி வெளியே எடுத்து, அலுமாரியின் உடலையும் பின்சுவரையும் பார்த்து மருந்து அடித்தபிறகு, அந்த ஒரு கதவை மட்டும் முழுப் பலகையில் ஓடாவியிடம் செய்விக்கலாம். முழுப்பலகைக் கதவின் பாரத்துக்குப் பழைய இரண்டு பிணைச்சல் காணாது, மூன்று போடச் சொல்லவேண்டும்.

கதவு நல்லது, வேலை தொடங்கலாம் என்றால் கடைக்குப் போகுமுன் கதவின் தடிப்பையும் பிடித்துளையின் ஆழத்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு, பழைய திருகாணியையும் பிடியையும் கையோடு கொண்டுபோவது நல்லது. கடைக்கதவடியிலேயே புதிய திருகாணியைப் பிடியில் விரலால் பூட்டிப் பார்க்கலாம். தண்ணீரூற்று கடற்கரை தூரமில்லாத ஊர் என்பதால் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி கேட்கவேண்டும். மரமுளை போட இருப்பவர்கள் மாரிக்கு முன், கதவு நன்றாகக் காய்ந்திருக்கும் ஆவணி, புரட்டாதியில் செய்துவிடலாம். ஈரம் குடித்த சட்டத்தில் பசை பிடிக்கத் தாமதமாகும்.